நம்பும்படியான தவறான விடை

அப்பாவின் கடைசி நாள் அறுநூற்றைம்பதுக்கு விலை போனது. அதில் அடக்கம்: நானூற்றிருபது ஆங்கிலச் சொற்கள், பத்துக் கேள்விகள், கேள்விக்கு நான்கு விடைகள், புத்தகத்தின் கடைசியில் அச்சடிக்க ஒரு விடைப்பட்டியல். வழக்கமான விலை அறுநூறுதான். மேல் ஐம்பது, கத்தரி தானாக மனம் வந்து போட்டுக் கொடுத்தது. "இதுல உயிர் இருக்கும்மா" என்று சொன்னார். விற்றவள் பேரம் பேசவில்லை. சாக்குக் கடைக்காரர் பெண் பேரம் பேசாமல் ஒரு பொருளைக் கைமாற்றுகிறாள் என்றால் பொருளில் ஏதோ கோளாறு என்று சந்தையில் எவனும் சொல்லிவிடுவான். கத்தரிக்குச் சந்தைப் பழக்கம் கிடையாது.

கத்தரி என்பது ஒரு பதிப்பாசிரியர். பல்கலைக்கழகத்து ஆங்கிலத் தாளுக்குப் பயிற்சிப் புத்தகம் போடும் சின்னப் பதிப்பகம் அவருடையது. நகலெடுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே டம்ளரில் தண்ணீர் நடுங்கும். எந்தப் பத்தியை யார் எழுதிக் கொடுத்தாலும் நானூற்றிருபது சொல்லுக்கு வெட்டுவார். பேர் அப்படி வந்தது. அவர் கடைக்கென்று சில சட்டங்கள் உண்டு.

"ஆளுக்குப் பேர் வேண்டாம். ஊருக்குப் பேர் வேண்டாம். சாமி வேண்டாம், கட்சி வேண்டாம், சாப்பாட்டுப் பேச்சே வேண்டாம். எங்க கொண்டுபோய் வெச்சாலும் விக்கணும்மா."

கேள்விகளுக்கும் சட்டம் இருந்தது. பத்தியில் நேராகச் சொல்லாத ஒன்றை மாணவன் தானாக ஊகிக்க வேண்டும். ஆனால் "இந்த வரியை வைத்துச் சொல்கிறேன்" என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். விரல் வைக்க இடமில்லாத கேள்வியைக் கத்தரி வாங்க மாட்டார். அதைவிட அவர் உயிரை விடுவது தவறான விடைகளுக்காக.

"தப்பு விடை பார்த்ததும் தப்புன்னு தெரிஞ்சா அதுக்கு எதுக்கு நான் காசு குடுக்கணும்? மூணுல ஒண்ணாவது பையன் கையைப் பிடிச்சு இழுக்கணும். நாலு பேர் நம்பற மாதிரி இருக்கணும்."

இந்தச் சட்டங்களுக்கு உட்பட்டு அந்தச் சாக்குக் கடைக்காரர் பெண், தம்பி ஒருவனுக்கு அக்காக்காரி, ஆறு வருடமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பனிப்பாறை, தேனீ, கலங்கரை விளக்கம், சட்டைப் பொத்தானின் வரலாறு. பார்க்காத கடலையும் ஏறாத மலையையும் சொல் கணக்கில் எடை போட்டு விற்றாள். போன தடவை பன்னிரண்டு பத்தி கேட்டிருந்தார்கள். பதினொன்றோடு மண்டை காய்ந்துவிட்டது. மறுநாள் கொடுத்தாக வேண்டும். தேடிப் படிக்க நேரமில்லாமல், தேடாமலே தெரிந்த ஒன்றை உட்கார்ந்து எழுதினாள். சாக்கு வியாபாரியைக் குடை வியாபாரி ஆக்கினாள். மகனை எடுத்துவிட்டாள். மகளை மட்டும் மகளாகவே விட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவள் கையிலிருந்து அவ்வளவு வேகமாக எதுவும் போனதில்லை.

ஏழாம் கேள்விக்கு வந்தபோது கத்தரியின் சட்டப்படி நம்பும்படியான ஒரு தவறான விடை வேண்டியிருந்தது. யோசிக்கவே தேவைப்படவில்லை. இரண்டு வருடமாக ஒரு வீடே நம்பிக்கொண்டிருந்த சரக்கு ஒன்று அவளிடம் தயாராக இருந்தது. அதை எடுத்து இரண்டாவது விடையாக வைத்தாள்.

அந்தச் சரக்கு இது. மருத்துவமனையில் அப்பா படுத்திருந்த கடைசி நாள் காலையில் தம்பிக்காரன் காவல், மதியத்திலிருந்து அவள். மூன்றரை மணிக்குக் கத்தரி கூப்பிட்டார்: அச்சுக்குப் போகும் தாள்களை ஐந்துக்குள் திருத்திக் கொடுக்காவிட்டால் புத்தகம் நின்றுவிடும். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். "போயிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது" என்று நர்ஸம்மா சொன்னாள். போனாள். ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது கட்டிலில் புதுப் படுக்கை விரிப்பு போட்டு மடிப்பு நீவிவிட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னார்? ஏதாவது சொன்னாரா?" என்று உலுக்கினாள். சுற்றிலும் உறவுக்காரர்கள். தம்பி சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். "நான் அங்க இல்லம்மா" என்று சொல்ல ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடி போயிற்று. "தம்பி படிச்சு முடிக்கணும்னு சொன்னார்மா" என்று வாய் தானாகச் சொல்லியது. தம்பி பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தவன். அவன் முடித்திருக்க வேண்டும் என்று ஏங்கியது அப்பா அல்ல, அவள்தான். அப்பாவுக்குப் பட்டம் என்றால் சுவரில் ஆணி அடிக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அந்த ஒரு வாக்கியத்தை அம்மா முதலாகப் போட்டாள். முதல் மாதம் வெறும் வாக்கியமாக இருந்தது. ஆறு மாதத்தில் அப்பா கண்ணீர் விட்டுச் சொன்னார். வருடம் திரும்புவதற்குள் எழுந்து உட்கார்ந்து, மகள் கையைப் பிடித்து, மூன்று தடவை சொல்லியிருந்தார். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அம்மா அதில்தான் உயிர் பிழைத்துக் கிடந்தாள்.

தம்பிக்காரனோ அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டான். வெளியிலிருந்து எழுதும் மாணவனாகப் பணம் கட்டிச் சேர்ந்தான். முப்பத்தொரு வயது, முன்னால் கொஞ்சம் தொப்பை, பின்னால் கொஞ்சம் வழுக்கை. மற்ற எல்லாத் தாளும் தட்டுத் தடுமாறித் தேறிவிட்டான். ஆங்கில வாசிப்புத் தாள் மட்டும் மூன்று தடவை காலை வாரியது. கடையில் சாக்குக் கட்டு ஒவ்வொன்றின் மீதும் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதிக் குத்தூசியால் குத்தி வைத்தான், போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் ஆகட்டும் என்று. அவனுக்கு ஆனதோ இல்லையோ, சுமை தூக்குகிறவர்களுக்கு ஆகிவிட்டது. "முதலாளி, 'அபண்டன்ட்' கட்டை இறக்கவா, 'ஸ்கேர்ஸ்' கட்டை இறக்கவா?" என்று, ஏராளத்தையும் பற்றாக்குறையையும் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

இதற்கிடையில், பிளாஸ்டிக் சாக்கு தைக்கும் இயந்திரம் ஒன்றைப் பாதிப் பங்குக்குப் போடலாம் என்று எதிர்க்கடைக்காரர் வந்து கேட்டார். இரண்டு மாதம் கூடவே நின்று வேலை பழக வேண்டும். பரீட்சை வருகிறது என்று தம்பி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டான். இப்போது தெருவில் பாதிச் சாக்கு எதிர்க்கடையில் தைத்தது. இவன் கடையில் சணல் சாக்குகள் ஆங்கிலச் சொற்களைச் சுமந்துகொண்டு சும்மா கிடந்தன.

வாசிப்பில் அவன் கோளாறு ஒன்றே ஒன்றுதான்: பத்தியோடு பேரம் பேசுவான். தேனீ ஆடிக் காட்டித் திசை சொல்கிறது என்று எழுதியிருந்தால், "சொல்றவன் ஆயிரம் சொல்வான்" என்று பாதிக்குப் பாதி குறைத்துத்தான் நம்புவான். "இவ்வளவு அழகா எழுதறான்னா எதையோ மறைக்கறான்க்கா."

"டேய், உனக்குத் தெரிஞ்சதை உள்ள கொண்டு வராதே. பத்தியில என்ன இருக்கோ அதான் சரக்கு. வரியில விரலை வெச்சுக் காட்டு, அப்புறம் விடை எழுது" என்று அவள் தொண்டை வறளக் கத்துவாள்.

"விரல் வெச்சா நம்பிடணுமா? அப்பா எடைக்கல்லையே நம்ப மாட்டாரு."

"பரீட்சைத் தாளைத் திருத்தறது அப்பா இல்லடா."

நான்காவது தடவைக்கு இன்னும் பதினொரு நாள் இருந்த ஒரு விடுமுறைக் காலை. தம்பி முந்தின நாள் புதுப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கி வந்திருந்தான். வழக்கப்படி விடைப்பட்டியல் பக்கங்களைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டான். கையில் இருந்தால் திருடத் தோன்றும் என்பான். வெறும் எண்ணும் எழுத்தும் நிறைந்த பக்கங்கள். அவள் பார்க்காமலே மடித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் தன் வேலையைப் பார்த்தாள். மறுமுனையில் அவன் பென்சிலோடு உட்கார்ந்தான். பக்கத்து அறையில் அம்மாவும் மாடி வீட்டு அம்மாளும் துணி மடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாதி நேரம் போன பிறகுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது. தம்பியிடமிருந்து சத்தமே இல்லை. அவன் வாசித்தால் மூச்சுக்கு மூச்சு முணுமுணுப்பு இருக்கும்: "அடப் போய்யா", "இவன் பெரிய இவன்". இன்றைக்கு ஒரு பெருமூச்சுகூட இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தான். எடுக்கவே இல்லை.

பிறகு விடைத்தாளை மேசைமீது தள்ளிவிட்டான். "பயிற்சி பதினாலு. திருத்து."

அவள் பட்டியலைப் பிரித்து, சரிபார்க்கப் புத்தகத்தையும் இழுத்தாள். முதல் வரியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஒரு கிழட்டுக் குடை வியாபாரி மருத்துவமனைப் படுக்கை விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மூன்று ஓட்டை, பாதி விலைக்குத்தான் எடுப்பேன்" என்று நர்ஸிடம் சொல்கிறார். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கான புத்தகத்தில் சேர்ப்பதாகத்தான் கத்தரி சொல்லியிருந்தார். நல்ல பத்தி ஆயிற்றே. ஒரே புத்தகத்தில் போட்டு வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

"என்ன, திருத்தலையா?" என்றான்.

"திருத்தறேன்."

"சத்தமா படிச்சுத் திருத்து. எப்பவும் அப்படித்தானே?"

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்றாவது கேள்வி, கிழவர் ஏன் விரிப்பை வெளிச்சத்தில் பிடித்தார் என்பது. பட்டியலில் இருந்த விடை 'தொழில் பழக்கத்தால்'. அவன் சுற்றியிருந்தது 'பக்கத்தில் இருந்தவரைச் சிரிக்க வைக்க'.

"இது…" என்று இழுத்தாள்.

"அன்னிக்குக் காலைல நான் அழற மாதிரி உக்காந்திருந்தேன். என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுட்டுதான் அந்தத் துணியைத் தூக்கினாரு. நீ அப்போ அங்க இல்ல. மதியம் நீ வந்தப்ப நான்தான் உனக்குச் சொன்னேன்." குரலை உயர்த்தவில்லை. சரக்கில் பழுது காட்டும்போது அப்பா பேசும் அதே மெதுவான குரல். "ஆனா அது பத்தியில இல்ல. எனக்குத் தெரிஞ்சதை உள்ள கொண்டு வந்துட்டேன். தப்புதான். போடு."

அவள் பேனா அந்த இடத்தில் தவறு என்று போட்டது. ஆறு வருடப் பழக்கம். கை தானாகச் செய்தது.

நான்கு, ஐந்து, ஆறு. மூன்றும் சரி. சொற்பொருள் கேள்விகள், இதுவரை ஒரு தடவைகூட அவன் மூன்றையும் சேர்த்துப் பிடித்ததில்லை.

ஏழு: பத்தியிலிருந்து எதை ஊகிக்க முடியும்? மகள் மருத்துவமனைமீது கோபமாக இருக்கிறாள். மகள் தந்தையின் கடைசி விருப்பத்தை அவர் வாயால் கேட்டாள். தந்தை இறந்தபோது மகள் அங்கே இல்லை. தந்தை வியாபாரத்தை மகளிடம் ஒப்படைத்தார்.

தம்பி மூன்றாவதைச் சுற்றியிருந்தான். ஓரத்தில், அவள் சொல்லிக்கொடுத்தபடியே, வரி எண்கள்: 'வரி 22, நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்பினாள். வரி 31, ஆறு மணிக்குப் புது விரிப்பு.'

ஊகக் கேள்வியில் அவன் வாழ்க்கையில் முதல் சரியான விடை.

"ரெண்டாவதுதான்க்கா என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துச்சு" என்றான். "ரெண்டரை வருஷம் இழுத்துச்சு. அப்புறம் நீ சொன்ன மாதிரி விரலை வெச்சுப் பார்த்தேன். வைக்கறதுக்கு இடமே இல்ல."

அந்த இரண்டாவது விடையின்மீது பென்சிலால் தட்டினான்.

"அப்போ, படிக்கணும்னு சொன்னது?"

"நான்" என்றாள்.

"அப்பா?"

"நான் கிளம்பறப்ப தூங்கிட்டு இருந்தாருடா. எதுவும் சொல்லல. அம்மா என் தோளைப் பிடிச்சு உலுக்கினா. எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க. எதையாவது சொல்லித்தான் ஆகணும்னு இருந்துச்சு."

"எதையாவதுதானே? 'தண்ணி கேட்டாரு'ன்னு சொல்லியிருக்கலாம். 'அம்மாவைப் பார்த்துக்கோ'ன்னு சொன்னாருன்னு சொல்லியிருக்கலாம், எவனுக்கும் நஷ்டமில்ல. என் தலையில எதுக்குக் கட்டினே?"

"நீ படிக்கணும்னு எனக்கு ஆசைடா."

"உன் ஆசைன்னு சொல்லிக் கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அதான் அப்பா சரக்குன்னு முத்திரை குத்தி வித்துட்டே." சிரிக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டான். "நல்ல வியாபாரிக்கா நீ. கடையில உக்காந்திருக்க வேண்டியது நீதான். நான் பாரு, மெஷினை எதிர்க்கடைக்கு விட்டுட்டு, 'அபண்டன்ட்'னா என்னன்னு சாக்குக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்."

"என்கிட்ட கத்தணும்னா கத்துடா."

"கத்தினா அம்மாவுக்குக் கேக்கும்."

அவன் அதைச் சொன்ன நேரத்தில்தான் பக்கத்து அறையில் அம்மாவின் குரல் எழும்பியது. மாடி வீட்டு அம்மாளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாவது தடவையாக இருக்கும்; மாடி வீட்டு அம்மாள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல 'உச்' கொட்டுவாள். "தலையணையில சாஞ்சு உக்காந்து, பெரியவ கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சின்னவனைப் படிக்க வெச்சிடு'ன்னாராம். அதுக்கப்புறம்தான் கண்ணை மூடினாராம். நிம்மதியா போயிட்டாரு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றவள், இந்தப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள். "ஏம்பா, உள்ளதானே இருக்கே? அப்பா என்ன சொன்னாருன்னு நீயே இவங்களுக்குச் சொல்லேன்."

அக்காக்காரி தம்பியின் வாயைப் பார்த்தாள். இரண்டரை வருடத்துக்கு முன்னால் தன் வாய்க்குக் கிடைத்த அதே ஒரு நொடி இப்போது அவன் வாய்க்குக் கிடைத்திருந்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவின் கையில் மிச்சம் இருப்பது ஒரு காலிக் கட்டிலும் மடிப்புக் கலையாத விரிப்பும்தான்.

தம்பி தொண்டையைக் கனைத்தான்.

"படிக்கணும்னு சொன்னாரும்மா."

"மூணு தடவை" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. மூணு தடவை."

மாடி வீட்டு அம்மாள் 'உச்' கொட்டினாள். துணி மடிக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. அவன் அக்காவைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய்யில் இனிமேல் அவனும் பங்குதாரன். பாதிப் பங்கு கொடுத்தால் பாதிப் பாரம் குறையும் என்பது வியாபாரத்தில் உண்டு. இங்கே இரண்டு பேருக்கும் முழுப் பாரமாகவே இருந்தது.

"மிச்சத்தைத் திருத்து" என்றான்.

எட்டு, சரி. ஒன்பது, சரி. பேனா முனை தாளைக் கிழித்தது. பத்தாவது கேள்வி: மகளைப் பற்றி எழுத்தாளரின் மனநிலை என்ன? பரிவு, பழி, கேலி, சார்பின்மை. பட்டியலில் 'சார்பின்மை' என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். ஐம்பது கூடுதலாக வாங்கித் தந்த கேள்விகளில் அதுவும் ஒன்று. தம்பி எதையும் சுற்றவில்லை. நான்கு விடைக்கும் நேராகப் பென்சில் முனை ஒவ்வொரு தடவை தொட்டுவிட்டு வந்த புள்ளி மட்டும் இருந்தது.

"பத்தாவதை விட்டுட்டியே" என்றாள்.

"அதுக்கு இன்னும் விடை தெரியல."

"குத்துமதிப்பா ஒண்ணைப் போட்டிருக்கலாமே. தப்பானா மார்க் குறைக்க மாட்டாங்க."

"இல்ல. இதுல குத்துமதிப்பு வேண்டாம்."

எழுந்து, புத்தகத்துக்குள் செருகி வைத்திருந்த பரீட்சை அனுமதிச் சீட்டை உருவினான். அதில் அவன் படம். மூன்று வருடத்துக்கு முன் எடுத்தது, தலையில் இன்னும் கொஞ்சம் முடி. சீட்டை அவள் முன்னால் வைத்தான்.

"அப்பா சொன்னாருன்னு மூணு தடவை எழுதினேன். நாலாவதை யார் சொன்னாங்கன்னு எழுதட்டும்?"

"நான் சொல்றேன். இப்ப நான் கேக்கறேன்டா, நானா. எழுது."

"அப்பவே கேட்டிருக்கணும்" என்றான். செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. கடைச் சாவியை எடுக்கும் சத்தமும் கேட்டது.

"விடுமுறை நாள்ல எங்கப்பா கிளம்பிட்டே?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

"கட்டுல குத்தி வெச்ச சீட்டையெல்லாம் எடுக்கணும்மா. ஊசி குத்திக் குத்திச் சாக்கு ஓட்டையாகுது."

கதவு சாத்திக்கொண்டது. அவள் அனுமதிச் சீட்டைத் தொடவில்லை. தள்ளி வைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். எந்த விடைத்தாளையும் கூட்டல் போடாமல் அவள் மூடியதில்லை. தாளின் அடியில் கோடு இழுத்து, எப்போதும் எழுதும் வரிசையில் எழுதினாள்:

சரி, எட்டு. தவறு, ஒன்று. விடை வராதது, ஒன்று.